இரண்டாம் நம்பர் பம்பு

அன்புக்கும், போன வெள்ளிக்கிழமை வரை மரியாதைக்கும் உரியவனாக இருந்த மைத்துனனுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் சுகமில்லாதவனால் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க முடியாது என்பதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நீ யோசிக்கலாம். போனில் பேசினால் நீ பதிவு செய்துகொள்வாய். நான் கோபத்தில் கத்துவதை எடுத்து ஏதாவது பூதத்தின் வாயில் வைத்துவிடுவாய். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. இனிமேல் உனக்கும் எனக்கும் நடுவில் காகிதம்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பம்பு நிலையத்தை ஒட்டிய எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. படுக்கையறையில் நான் படுக்கிறேன். கூடத்து சோபாவில் உன் அக்கா படுக்கிறாள். ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு. நான் குறட்டை விடுகிறேன் என்கிறாள் அவள். விடுவதில்லை என்கிறேன் நான். “ஒரே ஒரு தடவை, ‘ஆமா, நான் குறட்டை விடறேன்’னு உங்க வாயால சொல்லுங்க. சொன்ன அன்னிக்கே தலையணையைத் தூக்கிட்டு உள்ள வந்துடறேன்” என்பது அவள் வைத்திருக்கும் நிபந்தனை. விடாத குறட்டையை விட்டதாக எப்படிச் சொல்வது? மனுஷனுக்குக் கொள்கை என்று ஒன்று வேண்டாமா? அந்த சோபாவோ உட்காருவதற்காகச் செய்த சோபா, நடுவில் குழி விழுந்துவிட்டது. காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும். வாயைத் திறக்கலாம் என்று நினைப்பேன். அதற்குள் கொள்கை வந்து தோளைத் தட்டும். பேசாமல் பல் தேய்க்கப் போய்விடுவேன்.

என் பக்கம் சாட்சி பலமாக இருந்தது, அதுதான் என் தைரியம். எங்கள் தொழிலே காதுத் தொழில். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா, வால்வு லூசா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். மேற்பார்வையாளன் என்ற முறையில் நான் என் ஆட்களிடம் ஓயாமல் சொல்வது இதுதான்: கண்ணை நம்பாதே, காதை நம்பு. அப்படிப்பட்ட காதுகளுக்குப் பக்கத்தில் நான் தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் பெஞ்சில் சற்றுக் கண்ணயர்கிறேன். ஒருவராவது, ஒரு நாளாவது குறட்டை என்று சொன்னதுண்டா? இதை உன் அக்காவிடம் சொன்னால், “உங்க கீழ வேலை செய்யறவங்க உங்ககிட்ட எப்படிங்க உண்மையச் சொல்வாங்க?” என்று கேட்பாள். அவளுக்கு என் ஆட்களின் நேர்மை தெரியாது. சில நாள் நானே ஏதோ ஒரு சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, “என்னடா சத்தம்?” என்று கேட்பேன். “ரெண்டாம் நம்பர் பம்பு சார்” என்பான் ஃபிட்டர், கொஞ்சமும் தயங்காமல். நான் உடனே எழுந்து அந்தப் பம்பைக் கழற்றச் சொல்வேன். மற்ற பம்புகளுக்கு எல்லாம் சேர்த்து மாற்றியதைவிட அந்த ஒரு பம்புக்கு அதிகமாகப் பேரிங் மாற்றியிருக்கிறோம். இதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

போன வருஷம் நீ வந்து ஒரு வாரம் தங்கினாய். உனக்குச் சாப்பாட்டுக்கோ உபசாரத்துக்கோ குறை வைத்தேனா? பூனைக்குட்டி மாதிரி மேலெல்லாம் முடி வைத்த ஒரு மைக்கை எடுத்து என் படுக்கையறையில் வைத்துவிட்டு, “அத்தான், உங்க ஃபேன் சத்தம் பிரமாதமா இருக்கு. இந்த மாதிரி பழைய ஃபேன் இப்ப கிடைக்கறதே இல்ல. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க, நான் ஃபேனைப் பதிவு பண்ணிக்கறேன்” என்றாய். நானும் என் வீட்டு ஃபேனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பூரித்துப்போய், ஸ்டூல் போட்டு ஏறி அதன் இறக்கைகளைத் துடைத்துவிட்டுப் படுத்தேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது முடியோடும் மைக்கோடும் வரும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது நீ சத்தம் சேர்த்த அந்தப் படத்துக்கு வருகிறேன். முதல் பாகம் வந்ததிலிருந்தே எங்கள் நிலையத்தில் வேறு பேச்சு கிடையாது. மலைநாட்டுக்கு இருக்கிற ஒரே ஊற்றின் மேல் ஒரு டிராகன் வந்து சுருண்டு படுத்துத் தூங்கிவிடுகிறது, நாடே காய்ந்து போகிறது, இளவரசி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு குகை வாசலில் வந்து நிற்கிறாள், அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது மாயாஜாலப் படம். ஊருக்குத் தண்ணீர் விடுகிற எங்களுக்கு அது குடும்பக் கதை. “மெயின் இன்லெட் மேலயே படுத்துடுச்சே சார், இனிமே பிரஷர் எங்கேர்ந்து வரும்?” என்று எங்கள் ஃபிட்டர் அன்றிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்பேனர். எலக்ட்ரீஷியனுக்கு ஃபியூஸ் என்று பெயர், எதற்கெடுத்தாலும் பொசுக்கென்று அழுதுவிடுவான். இவர்களோடு புதிதாக வந்திருக்கும் இஞ்சினியர் அம்மா. வயதில் எங்கள் எல்லாருக்கும் சின்னவர், பதவியில் எல்லாருக்கும் பெரியவர். வேலையில் கறாரானவர்தான், ஆனால் இந்தப் படம் என்று வந்துவிட்டால் பச்சைக் குழந்தை. டிரெய்லரில் அந்த டிராகன் தூக்கத்தில் ஏதோ முணுமுணுக்கிறது அல்லவா, அது ஆதி மொழியாம், ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து அந்த மொழிக்கு ஒரு அகராதி தயாரிக்கிறார்களாம், அதில் இவரும் ஒருவராம். சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தார். ஸ்பேனர் அதை வைத்து வால்வைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாகத்துக்குச் சத்தம் எல்லாம் சேர்த்தது என் மச்சான்தான் என்று நான் தம்பட்டம் அடிக்காத ஆள் பாக்கியில்லை. நீ வேறு போனில், “அத்தான், தியேட்டர்லதான் பாக்கணும். இடைவேளைக்கு அப்புறம் உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு” என்று ஏற்றிவிட்டாய். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். புதுச் சட்டை தைத்தேன். ஷிஃப்ட் ஆட்களைக் கெஞ்சி மாற்றி, ஐந்து பேருக்கும் ஒரே வரிசையில் சீட்டுப் பிடித்தேன். கூடவே ஒரு கணக்கும் போட்டேன். உன் அக்காவையும் என் சாட்சிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, அவள் வாயாலேயே கேட்கவைத்து, இந்த ஆறு வருஷத்து வழக்கை அன்றைக்கே முடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

தியேட்டர் வாசலிலேயே சகுனம் சரியில்லை. காவலாளி ஸ்பேனரைத் தடவிப் பார்த்து, கால்சட்டைப் பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை உருவினார்.

“இது எதுக்குய்யா?”

“காதுல வெச்சுக் கேக்க.”

“யார் காதுல?”

“என் காதுலதான் சார். பழகிப்போச்சு. இது இல்லாம எனக்கு எதுவும் சரியாக் கேக்காது.”

காவலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் இஞ்சினியர் அம்மாவைப் பார்த்தோம். அவர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். இஞ்சினியர் அம்மா ஓரத்தில், அடுத்து உன் அக்கா, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர், அவனுக்கு அந்தப் பக்கம் ஃபியூஸ். படம் ஆரம்பித்ததும் வறண்டுபோன ஊரில் காலிக் குடங்கள் வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள். ஃபியூஸ் அங்கேயே போய்விட்டான். “போன கோடைல நம்ம ஆபீஸ் வாசல்ல வெச்சாங்களே சார், அதே வரிசை” என்று தேம்பினான். ராஜா மந்திரவாதியைக் கூப்பிட்டு ஊற்று எப்போது வரும் என்று கேட்டபோது, “நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டுட்டோம்னு சொல்லு” என்று ஸ்பேனர் அவருக்கு யோசனை சொன்னான். முதல் பாதி இப்படிச் சந்தோஷமாகத்தான் போயிற்று.

இடைவேளையில் எல்லாருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “இந்தா, இவங்க ரெண்டு பேரையும் நீயே கேளு. மத்தியானத்துல நான் தூங்கறப்ப ஏதாவது சத்தம் வருதான்னு கேளு” என்று உன் அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்க வாயைத் திறந்தாள். ஸ்பேனருக்குத் திடீரென்று கழிவறை ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்குத் துணையாக ஃபியூஸும் போய்விட்டான். மேலதிகாரியின் சொந்த விஷயத்தில் தலையிடக்கூடாது என்ற பண்பு என்று நான் அதற்கு விளக்கம் சொன்னேன். உன் அக்கா உறிஞ்சு குழாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதி. குகை. கும்மிருட்டு. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது வந்தது அந்தச் சத்தம். முதலில் காலடியில் தரை அதிர்ந்தது, பிறகு நாற்காலி அதிர்ந்தது, பிறகு என் புதுச் சட்டையின் பொத்தான் அதிர்ந்தது. திரையில் மலை மாதிரி ஒரு வயிறு ஏறி இறங்கிற்று. டிராகன் மூச்சை உள்ளே இழுக்கும்போது இளவரசி ஒரு அடி எடுத்து வைக்கவேண்டும், சத்தம் நின்றால் அவளும் நின்றுவிட வேண்டும், இதுதான் காட்சி. பின்வரிசையில் ஒரு பெண் பயத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். நானோ தொழில்காரன். கண்ணை மூடிக் கேட்டேன், கேட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“கேட்டியா ஸ்பேனர்? இழுக்கறது சுத்தமா இருக்கு. வெளிய விடறப்பதான் உதறுது. வால்வு லூசு.”

ஸ்பேனர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“நடுநடுவுல நின்னு நின்னு போகுது பாரு, லைன்ல காத்து புகுந்திருக்கு. இந்த மெஷினைப் பல வருஷமா யாரும் கவனிக்கல. இவ்வளவு மோசமான சத்தத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எவன்டா நிம்மதியாத் தூங்குவான்?”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இடது பக்கம் ஏதோ உறுத்துகிறதே என்று திரும்பினேன். உன் அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் திரும்பினேன். ஸ்பேனரும் ஃபியூஸும் நான் சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சார்,” என்றான் ஸ்பேனர், கண்ணைத் திறக்காமலே. “இப்ப மூணு குட்டி விக்கல் வரும். அதுக்கப்புறம் ஒரு விசில் வரும் பாருங்க.”

வந்தது. மூன்று விக்கல், ஒரு விசில்.

“உனக்கு எப்படிடா தெரியும்? படம் இன்னிக்குத்தானே வந்திருக்கு?”

“தெரியும் சார்” என்றான், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

அந்த நேரம் பார்த்து டிராகன் புரண்டு படுத்து முணுமுணுத்தது. கீழே எழுத்து ஓடிற்று: ‘என் நீரைத் தொட்டவன் சாம்பலாவான்.’ தியேட்டர் முழுக்கச் சிலிர்த்தது. “ஆதி மொழி! முழு வாக்கியம்!” என்று இஞ்சினியர் அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். உன் அக்கா அவர் பக்கம் சாய்ந்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அது ஆதி மொழி இல்லம்மா. ‘வால்வ மூடுடா, தண்ணி வீணாப் போகுது’ன்னு சொல்றார். தூக்கத்துல தினமும் சொல்றதுதான். என் தம்பி கொஞ்சம் மெதுவா ஓட விட்டிருக்கான், அவ்வளவுதான்.”

இஞ்சினியர் அம்மாவின் முகம் போன போக்கை நான் இருட்டிலும் பார்த்தேன். “மேடம், ‘வால்வ’ன்னா ‘சாபம்’னு அகராதில போட்டுட்டோமே!” என்றார்.

“இது என் வீட்டு ஃபேன்! அவன் ஃபேனைத்தான் பதிவு பண்ணினான்!” என்று நான் கத்தினேன்.

“ஃபேன் பேசுமாங்க?” என்றாள் உன் அக்கா.

நான் என் சாட்சிகள் பக்கம் திரும்பினேன். “நீங்க சொல்லுங்கடா. பெஞ்சுல படுத்திருக்கறப்ப என்னிக்காவது நான் இப்படி...”

ஸ்பேனர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தான். “இஞ்சினியர் அம்மா, என்னை யாரும் வேற ஊருக்கு மாத்த மாட்டாங்கன்னு நீங்க சொன்னா நான் ஒண்ணு சொல்லுவேன்.”

“மாத்த மாட்டாங்க, சொல்லுங்க.”

“ரெண்டாம் நம்பர் பம்புல ஒரு கோளாறும் கிடையாது சார். அது தங்கமான பம்பு. நீங்க திடுக்குனு எழுந்து என்ன சத்தம்னு கேக்கறப்ப, உங்க சத்தம்தான்னு எப்படி சார் சொல்றது? மரியாதையா இருக்காதே. அதான் பம்பு மேல பழியைப் போட்டேன். நீங்க அதை நம்பி, அதைக் கழட்டுவீங்கன்னு நான் நெனச்சுக்கூடப் பாக்கல.”

“பாவம் சார் அந்தப் பம்பு” என்று ஃபியூஸ் அழுதான். “நல்லா இருந்த உடம்பை எத்தனை தடவை அறுத்துட்டோம்.”

“ஐயோ, அதை ஸ்கிராப்புல போடச் சொல்லி நான் மேல எழுதிட்டேனே!” என்று இஞ்சினியர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார். “யோவ், கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா. டிராகன் தூங்குதில்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், சரி. அதற்காக என் மூக்கைப் பற்றி எனக்குத் தெரியாதா? கண்ணை நம்பாதே, காதை நம்பு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், நானே ஒரு தடவை முறையாகக் கேட்டு, அது ஃபேன்தான் என்று நிரூபித்துவிட்டால் போயிற்று. கையைக் கட்டிக்கொண்டேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். கண்ணை மூடினேன். நாற்காலி மெத்து மெத்தென்று இருந்தது. ஏசி சில்லென்று இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்சம் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், சொல்லாதவர்கள்தான் யாரும் இல்லையே. இளவரசி ஊற்றில் குடத்தை முக்குகிறாள். டிராகன் படாரென்று கண்ணைத் திறக்கிறது. வாயைத் திறந்து நெருப்பைக் கக்குகிறது. ஆனால் குறட்டை மட்டும் நிற்கவில்லை. ஒரு வினாடி தியேட்டரே திகைத்துப்போய், “இன்னொண்ணு இருக்குடா! உள்ள இன்னொண்ணு தூங்குது! மூணாம் பாகம் இருக்கு!” என்று விசில் பறந்ததாம். டிராகன் சண்டை போட்டுத் தோற்று வானத்தில் பறந்து போய்விட்டது, ஊற்று பீறிட்டு ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, ஜனங்கள் நனைந்துகொண்டு ஆடுகிறார்கள், அதற்கும் அடியில் அந்த இரண்டாவது டிராகன் அசராமல் தூங்கிக்கொண்டிருந்ததாம். எழுத்து ஓடி முடிந்து விளக்கையும் போட்டுவிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. ஆபரேட்டர் சத்தத்தை நிறுத்திப் பார்த்தாராம், நிற்கவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு வரிசையாகத் திரும்பி, என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உன் பெயர் திரையில் வந்ததாம். அதற்கடுத்து ‘அத்தானுக்கு நன்றி’ என்று ஒரு வரியும் வந்ததாம். அதையும் நான் பார்க்கவில்லை.

கைதட்டல் சத்தத்தில் நான் விழித்துக்கொண்டேன். எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. எதிரில் ஒரு நூறு முகம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“வால்வ மூடுடா, தண்ணி வீணாப் போகுது.”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டி நின்றார்கள். இஞ்சினியர் அம்மா போனை எடுத்து அகராதிக் குழுவிலிருந்து அங்கேயே விலகிவிட்டார். இந்தக் களேபரத்தில் ஸ்பேனர் டோக்கனைத் தொலைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப வாங்கக் காவலாளியிடம் மன்றாடினான். “அதான் அது இல்லாமலே உங்களுக்கு எல்லாம் கேட்டுச்சே” என்றாராம் அவர். மானம் கப்பலேறிப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னுடையது டிராகன் மேல் ஏறிப் போயிற்று.

உன் அக்கா சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ‘பாத்தீங்களா’ என்று குத்தியிருந்தால்கூடச் சரி, பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

“குறட்டை எனக்குக் கஷ்டமே இல்லீங்க. மழை சத்தம் மாதிரி அதுவும் பழகிப்போயிருக்கும். நான் பொய் சொல்றேன்னு ஆறு வருஷமாச் சொன்னீங்களே, அதுதான் பழகவே இல்ல.”

சொல்லிவிட்டு சோபாவில் விரிப்பை உதறிப் போட்டாள். எனக்கு நெஞ்சில் யாரோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகின மாதிரி இருந்தது. அந்த ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. ஆனால் பாழாய்ப்போன கொள்கை இருக்கிறதே, அது தியேட்டரிலிருந்து எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. விழுங்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஃபேனுக்குச் சத்தமே கிடையாது.

ஆகவே, நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். அந்தப் படத்திலிருந்து என் மூச்சை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் வேறு யாருடைய மூச்சை வைப்பாயோ, அது உன் பாடு. உன் மூக்குக்கு என்ன குறை? அது ஃபேன்தான் என்று உன் கைப்பட எழுதி, உன் அக்காவுக்கு ஒன்று, இஞ்சினியர் அம்மாவுக்கு ஒன்று அனுப்ப வேண்டும். இரண்டாம் நம்பர் பம்பிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முடி வைத்த அந்த மைக்கோடு இனி என் வாசற்படியை மிதிக்காதே. மிதித்தால் நான் மூச்சு விடாமல் இருந்துகொள்வேன்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் பெரியவன் கடிதத்தை வாழ்த்தாமல் முடிக்கக்கூடாது. கையில் வேலையும் வீட்டில் நிம்மதியும் குறையாமல், காது மட்டும் கொஞ்சம் மந்தமாகி, நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உன் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மெதுவாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
(தூங்காத)
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்தாதே. கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் வீட்டில் காகிதம் தீர்ந்துவிட்டது.

நடந்தது என்னவென்றால், உறைமேல் எழுதிய உன் வீட்டு எண் சரியா என்று பார்க்கச் சொல்லி இதை உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் உறையைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில் நின்றாள்.

“பகீர்னு இருக்குமா?”

“இருக்கும்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“இத எழுதத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஃபியூஸோடு பழகிய தோஷம். “ஆமா, நான் குறட்டை விடறேன்” என்று சொல்லிவிட்டேன். மச்சான், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கொள்கை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, தேடவும் இல்லை. அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் படுத்தோம். இப்போது அவள் உள்ளே தூங்குகிறாள். நான் கூடத்து சோபாவின் குழியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏன் சோபாவில் என்று கேட்பாய். உன் அக்கா குறட்டை விடுகிறாள். முன்பெல்லாம் என் சத்தத்தில் அது அமுங்கியிருக்கும். அப்புறம் ஆறு வருஷம் கூடத்தில் தனியாக விட்டிருக்கிறாள், கேட்க ஆளில்லை. நான் கதவோரம் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். இழுப்பதும் விடுவதும் எண்ணெய் போட்ட மெஷின் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, கடைசியில் மட்டும் ஒரு சின்னக் கீச்சு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், தூங்கத்தான் முடியாது.

மூன்றாம் பாகத்தில் அந்த டிராகனைத் தேடிக்கொண்டு அதன் பெண்டாட்டி வரும் என்று இஞ்சினியர் அம்மா அடித்துச் சொல்கிறார். ஆகையால் அந்த முடி வைத்த மைக்கை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா. என் மூச்சு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கை வைக்காதே. ஃபேன் இறக்கையை நான் துடைத்து வைக்கிறேன். அவளிடம் மட்டும் வாயைத் திறந்துவிடாதே, தான் குறட்டை விடுவதில்லை என்பது அவளுடைய கொள்கை.

இதோ, உள்ளே சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, “என்னங்க, என்ன சத்தம் அது?” என்று கேட்கிறாள்.

“ரெண்டாம் நம்பர் பம்பு” என்று சொல்லியிருக்கிறேன்.